ஐப்பசி மழையில் உதயகிரி கோட்டைக்குள் ஒரு நடை

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: ஐப்பசியில் மூன்று நாள் நாகர்கோவிலில் தங்கப்போகிறீர்கள். கூட எட்டு வயது மகளும், முழங்கால் வலியுள்ள அம்மாவும். மழை பிடித்துக்கொண்டால் விடுதி அறையில் டிவி பார்த்துக் கிடக்க மனமில்லை. காளிகேசம் போகலாமா, உதயகிரி கோட்டைப் பூங்காவுக்குப் போகலாமா, மழையில் விலங்கு ஏதாவது கண்ணில் படுமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழை நாளில் காளிகேசம் வேண்டாம், உதயகிரிக்குப் போங்கள். அடைப்புக்குள் இருக்கும் மானையும் மயிலையும் பார்ப்பதற்காகச் சொல்லவில்லை. அவற்றையும் பார்க்கலாம், மகள் பார்க்காமல் விடமாட்டாள். நான் சொல்வது காலடியில் இருப்பதை. மழை வந்தால் பெரிய விலங்குகள் ஒதுங்கிக்கொள்ளும். மண்ணுக்குள்ளும் சருகுக்கடியிலும் அதுவரை பதுங்கிக் கிடந்ததெல்லாம் வெளியே வரும். குனிந்து பார்க்கிற ஆளுக்கு மழைதான் சீசன்.

காளிகேசம் நல்ல இடம்தான், மறுக்கவில்லை. கீரிப்பாறைக்கு அப்பால் காட்டுக்குள் ஓடும் ஆறு, குளிர்ந்த தண்ணீர், அதிர்ஷ்டம் இருந்தால் மிளாவும் மலையணிலும். (வெளியூர்க்காரர்களுக்கு: கடமானை நாங்கள் மிளா என்போம்.) குமரி மாவட்டத்தின் மலைக்காடுகளில் 400 சதுர கிலோமீட்டருக்கு மேல் 2008-இல் வன உயிரினச் சரணாலயம் ஆயின. அந்தப் பக்கத்து ஆறுகளில் நீங்கள் நிற்கும் இடத்தில் தூறல்கூட இல்லாமல் இருக்கும். மேலே மலையில் கொட்டியது கொஞ்ச நேரத்தில் செம்மண் நிறத்தில் இறங்கி வரும். அதனால்தான் பலத்த மழை என்றால் வனத்துறை வழியை அடைத்துவிடுகிறது. திற்பரப்பு அருவியும் அதே கதைதான். அங்கே வெயிலடித்துக்கொண்டிருக்கும், ஆனால் பேச்சிப்பாறை அணையில் உபரி நீரைத் திறந்திருந்தால் கோதையாறு பொங்கிக்கொண்டு வந்து அருவியில் விழும். முழு நீர்மட்டம் பேச்சிப்பாறை அணைக்கு 48 அடி, பெருஞ்சாணி அணைக்கு 77 அடி என்பது இங்கே பள்ளிப்பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு. மழைக்காலத்தில் நாளிதழைக் கையில் எடுத்தால் முதலில் பார்ப்பது அணை நீர்மட்டத்தைத்தான். நீங்களும் வந்ததும் அந்தப் பழக்கத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மழையைப் பற்றி. தமிழ்நாட்டின் மற்ற இடங்களிலிருந்து வருகிறவர்களுக்கு எங்கள் ஊர் மழை கொஞ்சம் குழப்பமாக இருக்கும். இரண்டு பருவ மழையும் எங்களுக்கு உண்டு. ஜூனில் கேரளத்தோடு சேர்ந்து தென்மேற்கு மழை, அக்டோபர் நடுவிலிருந்து வடகிழக்கு மழை. கல்குளம், விளவங்கோடு பக்கத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் இடவப்பாதி, துலாவர்ஷம் என்றுதான் சொல்வார்கள். இரண்டுக்கும் குணம் வேறு. இடவப்பாதி மழை பிடித்தால் நாள் முழுக்க நசநசவென்று பெய்யும். ஐப்பசி மழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல் இடியோடு வரும், காலையில் வானம் கழுவிவிட்டதுபோல் இருக்கும். கடலில் காற்றழுத்தத் தாழ்வு ஏதாவது உருவாகிவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது, மூன்று நாளும் கொட்டும். இன்னொன்று: ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம் காற்றாலைகள் சுற்றும் காய்ந்த நிலம், மேற்கே போகப்போக ஈரம். நாகர்கோவிலில் வெயில், தக்கலையில் மழை என்பது எங்களுக்குச் சாதாரணம். அதனால் விடுதி ஜன்னலைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

ஆகவே உங்களுக்குச் சரியான நேரம் காலை. பூங்கா திறந்ததும் உள்ளே போய்விடுங்கள். முந்தின நாள் மாலை நன்றாகப் பெய்திருந்தால் இன்னும் நல்லது. நடந்துகொண்டிருக்கும்போது ஒரு மழை வந்து விட்டால் அதைவிட நல்லது. மழை ஓய்ந்த அடுத்த அரை மணி நேரம் இருக்கிறதே, அதற்காகத்தான் நான் போவதே.

கோட்டை எங்கே என்று சொல்லவில்லையே. நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில் ஏறக்குறைய 15 கிலோமீட்டர், தக்கலைக்குச் சற்று முன்னால் புலியூர்க்குறிச்சி. தக்கலை போகும் பேருந்து எதில் ஏறினாலும் வழியில் இறங்கிக்கொள்ளலாம். சுமார் 90 ஏக்கரைச் சுற்றிக் கருங்கல் மதில், உள்ளே ஒரு குன்று. பத்மநாபபுரம் திருவிதாங்கூரின் தலைநகராக இருந்த காலத்தில் அதற்குக் காவலாக மன்னர் மார்த்தாண்ட வர்மா இதைப் புதுப்பித்துக் கட்டினார். மேற்பார்வை பார்த்தவர் டிலனாய். 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களோடு நடந்த போரில் பிடிபட்டவர், பிறகு பிடித்தவரின் படைக்கே தளபதி ஆனவர். பீரங்கி வார்க்கும் உலைகூட இந்தக் கோட்டைக்குள் இருந்திருக்கிறது. பிற்காலத்தில் வனத்துறை இதைப் பல்லுயிரினப் பூங்காவாக மாற்றியது. பீரங்கி செய்த இடத்தில் இப்போது மான் மேய்கிறது. நுழைவுச்சீட்டு உண்டு, சில்லறை கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உள்ளே போனதும் மூக்குதான் முதலில் வேலை செய்யும். மழை பெய்த மண்வாசனை. மகளிடம் சொல்லுங்கள், அது மண்ணின் வாசனை அல்ல, மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளின் வாசனை. துளி விழுந்து தெறிக்கும்போது காற்றில் ஏறிவிடுகிறது. அந்த நுண்ணுயிர்க் கூட்டத்தில் முக்கியமானது ஸ்ட்ரெப்டோமைசிஸ். காசநோய்க்குக் கொடுக்கிற ஸ்ட்ரெப்டோமைசின் மருந்து வந்ததும் அந்தக் குடும்பத்திலிருந்துதான்.

பாதையோரம் மரவட்டை ஊர்ந்துகொண்டிருக்கும். பிள்ளைகளுக்கு அது ரயில் பூச்சி. வளைக்குள் தண்ணீர் புகுந்ததும் மேலே வந்துவிடும். ஒரு குச்சியால் மெல்லத் தொட்டால் நாணயம்போல் சுருண்டுகொள்ளும். கையால் எடுக்க வேண்டாம், அதன் உடம்பிலிருந்து கசியும் நீர் கண்ணில் பட்டால் எரியும். குனிந்து ஒரு வளையத்தை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். பூரானுக்கு வளையத்துக்கு ஒரு ஜோடிக் கால், மரவட்டைக்கு இரண்டு ஜோடி. கால்கள் ஒன்றாக நகர்வதில்லை, பின்னாலிருந்து முன்னால் அலை போவதுபோல் போகும். என் அக்கா மகன் இதை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தான், மான் அடைப்புப் பக்கம் தலையே திருப்பவில்லை.

பெரிய நத்தைகள் கண்ணில் பட்டால், கைக்குள் அடங்காத அளவு இருந்தால், அது ஆப்பிரிக்க நத்தை. 1847-இல் மொரீஷியஸிலிருந்து கல்கத்தாவுக்கு யாரோ ஒரு ஆர்வலர் கொண்டுவந்து தோட்டத்தில் விட்டதன் வம்சம். அதையும் வெறும் கையால் தொட வேண்டாம், நோய்ப் புழுக்களைச் சுமந்து வரும்.

ஈசல் கிளம்பும் நாளாக அமைந்தால் நீங்கள் பாக்கியசாலி. ஈயல் என்றும் சொல்வதுண்டு. நல்ல மழை பெய்து நின்றதும், காற்றில் ஈரம் நிற்கும்போது, புற்றின் வாய் திறந்து புகை கிளம்புவதுபோல் வரும். மண் நெகிழ்ந்திருந்தால்தானே புதிய ராணி தோண்டி உள்ளே போக முடியும், அதற்காகக் காத்திருந்த கூட்டம் அது. உடனே கரிச்சான் குருவிகளும் பஞ்சுருட்டான்களும் வந்துவிடும். கரிச்சான் கொம்பில் உட்கார்ந்து, பாய்ந்து, காற்றிலேயே பிடித்து, அதே கொம்புக்குத் திரும்பும். ஆனால் நீங்கள் மேலே பார்த்துக்கொண்டே நிற்காதீர்கள். கொஞ்ச நேரத்தில் தரையைப் பாருங்கள். இறக்கையை உதிர்த்த ஈசல்கள் இரண்டிரண்டாக ஓடிக்கொண்டிருக்கும், முன்னால் போவது பெண், அதன் பின்புறத்தை ஒட்டிக்கொண்டே போவது ஆண். முன்னது நின்றால் பின்னதும் நிற்கும், திரும்பினால் திரும்பும். நடுவில் ஒரு எறும்பு குறுக்கிட்டுப் பிரித்துவிட்டால் பெண் அசையாமல் நிற்க, ஆண் பைத்தியம்போல் வட்டமடித்துத் தேடும். இந்தத் தேடலைப் பார்த்ததற்குப் பிறகு எனக்கு ஈசலை விளக்குமாற்றால் கூட்டித் தள்ள மனம் வந்ததில்லை.

அக்டோபரில் வருவதால் உங்களுக்கு இன்னொரு வாய்ப்பு உண்டு, ஆறுமணிக்குருவி. இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தெற்கே இறங்கி வரும் பறவை. காலையிலும் மாலையிலும் ஆறு மணியை ஒட்டிக் கூப்பிடும், அதனால்தான் அந்தப் பெயர். வந்து சேரும் நாட்களில் களைத்துப் போய் வீட்டுத் திண்ணையில் விழுந்து கிடப்பதும் உண்டு. மைனாவைவிடச் சிறியது, வால் இருக்கிறதா இல்லையா என்று கேட்கும் அளவுக்குக் குட்டை. பச்சை முதுகு, தோளில் நீலம், கண்ணுக்குக் குறுக்கே கறுப்புப் பட்டை, வாலுக்கடியில் குங்குமம் தடவியதுபோல் சிவப்பு. இவ்வளவு நிறம் இருந்தும் சருகுக்குள் நின்றால் தெரியாது. மழை விட்டதும் மண்புழுவுக்காக இறங்கும். நான் பார்த்தது இப்படித்தான்: மதிலோரம் ஒரு மரத்தடியில் ஒதுங்கி நின்றுகொண்டிருந்தேன். சொட்டு நின்ற பிறகும் சருகில் ‘சரக்’ ‘சரக்’ என்று சத்தம். ஓணான் என்று நினைத்தேன். ஒரு இலை புரண்டு விழுந்தது, அடுத்த இலை, மூன்றாவது இலைக்குப் பின்னால் அந்தச் சிவப்பு. பத்தடி தூரம். கைப்பேசியை எடுக்கப் பையைத் திறந்தேன், ஜிப் சத்தம் கேட்டு இரண்டு தத்தல், ஆள் இல்லை. ஆகவே சத்தம் கேட்டால் பையைத் திறக்காதீர்கள், அப்படியே நில்லுங்கள். திரும்ப வரும்.

மயிலைப் பற்றி மகளிடம் முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது. மழை என்றால் மயில் தோகை விரித்து ஆடும் என்றுதான் பாடப்புத்தகப் படம் சொல்லும். ஆனால் இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் ஆண்மயிலின் தோகை உதிர்ந்துவிடும். ஐப்பசியில் போகிறவர்கள் பெரும்பாலும் மொட்டை வாலோடு நிற்கும் மயிலைத்தான் பார்ப்பார்கள். தோகை பிறகு முளைத்துக்கொள்ளும் என்று சொன்னால் சமாதானமாகிவிடுவாள்.

தண்ணீர் தேங்கிய தொட்டி, கல் குழி எதைக் கண்டாலும் மேல் விளிம்பைப் பாருங்கள். சோப்பு நுரையை யாரோ அப்பி வைத்ததுபோல் முட்டை அளவுக்கோ அதைவிடப் பெரிதாகவோ ஒரு வெள்ளைத் திரட்டு ஒட்டிக்கொண்டிருந்தால், அது மரத்தவளையின் கூடு. பெண் தவளை தான் சுரக்கும் நீரைப் பின்னங்காலால் அடித்து அடித்து நுரையாக்கி அதற்குள் முட்டையிடும். வெளிப்புறம் காய்ந்து உறையாகிவிடும், உள்ளே ஈரம் அப்படியே இருக்கும். சில நாளில் பொரிந்ததும் நுரை கரைந்து தலைப்பிரட்டைகள் நேரே தண்ணீரில் சொட்டும். எங்கள் வீட்டுத் தொட்டியில் இதை அசிங்கம் என்று நினைத்துத் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருக்கிறோம், வருஷக்கணக்காக.

நடந்து நடந்து டிலனாயின் கல்லறைக்கு வந்துவிடுவீர்கள். கூரை இல்லாத சின்னத் தேவாலயச் சுவர்களுக்குள் அவரும் குடும்பத்தாரும் கிடக்கிறார்கள். கல்லில் லத்தீனிலும் தமிழிலும் எழுத்து. லத்தீன் வாசகம் ‘நில், வழிப்போக்கனே’ என்றுதான் ஆரம்பிக்கிறது, ஏறக்குறைய 37 ஆண்டுகள் திருவிதாங்கூர்ப் படையை நடத்தியதைச் சொல்கிறது. இறந்தது 1777 ஜூன் 1. வெயில் நாளில் இந்த எழுத்துகளைப் படிப்பது சிரமம், கண் கூசும். மழை நாளில் வெட்டுக்குள் தண்ணீர் நிற்பதால் எழுத்து கறுத்து எடுப்பாகத் தெரியும். இதே டிலனாயோடு பழகித்தான் தேவசகாயம் பிள்ளை 1745-இல் கிறிஸ்தவரானார். 2022 மே 15-இல் புனிதர் பட்டம் பெற்றவர். அவர் பெயரோடு சேர்ந்த முட்டிடிச்சான் பாறையும் புலியூர்க்குறிச்சியிலேயே இருக்கிறது. அம்மாவுக்கு விருப்பம் இருந்தால் ஆட்டோவில் போய்விடலாம்.

இனி பயப்பட வேண்டியவை. முதலில் இடி. மின்னலைப் பார்த்ததும் எண்ண ஆரம்பியுங்கள், மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர் தூரம். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது போதுமான அளவு பக்கத்தில் இருக்கிறது. அப்போது குன்றின் மேல் நிற்காதீர்கள், தனி மரத்தடியிலும் ஒதுங்காதீர்கள், வாசல் பக்கம் கட்டடத்துக்கு வந்துவிடுங்கள். இரண்டாவது கிளை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்து ரப்பரும் வாழையுமாகச் சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்குக் காற்று வீசினால் கண் தானாக மேலே போகும். உங்களுக்கு அந்தப் பழக்கம் இருக்காது, அதனால் சொல்கிறேன்: காற்றும் மழையும் சேர்ந்து வந்தால் பெரிய மரங்களின் கீழிருந்து விலகுங்கள்.

மூன்றாவது, பழைய மதில். கல் இடுக்கில் மகள் கை விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வளையில் தண்ணீர் ஏறினால் பாம்பு ஒதுங்கும் இடம் அதுதான். யாரையாவது கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுப் போடுவது, கீறுவது, நாட்டு வைத்தியரைத் தேடுவது எல்லாம் வேண்டாம். கடிபட்ட காலையோ கையையோ அசைக்காமல் தக்கலை அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள், கொஞ்ச தூரம்தான். 108-ஐக் கூப்பிட்டாலும் சரி. தேங்கிய தண்ணீரில் குதித்து விளையாடினால், காலில் புண் இருந்தால், திரும்பியதும் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். எலிக்காய்ச்சல் அந்த வழியாகத்தான் வருகிறது.

ஆனால் உண்மையில் நீங்கள் விழப்போவது பாசியில். பச்சைப் பாசி பார்த்தாலே தெரியும், விலகிவிடுவோம். கறுத்துக் கிடக்கிற கருங்கல் படிதான் ஏமாற்றும். புது ஸ்போர்ட்ஸ் ஷூ போட்டுக்கொண்டு போய் நானே ஒரு தடவை உட்கார்ந்த வாக்கில் நான்கு படி இறங்கியிருக்கிறேன். நனைந்தால் கவலையில்லாத, அடி தேயாத, பின்வார் உள்ள செருப்பு போதும். அம்மாவைக் குன்றுப் பக்கமே கூட்டிப்போகாதீர்கள், கீழ்ப்பாதை அவருக்குத் தாராளம்.

ரெயின்கோட்டா குடையா என்றால், நான் குடைக் கட்சி. ரெயின்கோட்டின் தலைமூடி காதை அடைத்துவிடும், நடந்தால் சரசரவென்று சத்தம், வியர்வை வேறு. மழை நாளில் பாதிப் பறவைகளைக் காதால்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும். பழைய கறுப்புக் குடை ஒன்று, கைப்பேசிக்கு ஒரு பிளாஸ்டிக் உறை, மகளுக்கு மாற்றுத் துணி, ஒரு துண்டு. அட்டைக்கு உப்பும் புகையிலையும் கட்டிக்கொண்டு வருவதெல்லாம் மலைக்காட்டுக்கு. கோட்டைக்குள் ஒரு தடவைகூட என்னை அட்டை கடித்ததில்லை.

மழை விடவே இல்லை என்றால்? அதே சாலையில் தக்கலை போய், 2 கிலோமீட்டரில் பத்மநாபபுரம் அரண்மனை. திங்கட்கிழமை விடுமுறை, அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். 1956-இல் எங்கள் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் அரண்மனை கேரள அரசின் பராமரிப்பிலேயே நின்றுவிட்டது. அங்கே மரச்சட்டங்களுக்கு இடையே மழை பார்ப்பது ஒரு தனி சுகம். அம்மாவால் அன்று நடக்கவே முடியாது என்றால் தேரூர் குளம். சுசீந்திரம்–தேரூர் ஈரநிலம் 2022-இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. வண்டியைச் சாலையோரம் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினால் போதும், கூழைக்கடா, பாம்புத்தாரா, தாமரை இலைமேல் நடக்கும் இலைக்கோழி. மழை விட்டதும் பாம்புத்தாரா கம்பத்தில் ஏறி இறக்கையை விரித்துத் துணி காயப்போட்டதுபோல் நிற்கும். அதன் இறகு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், அதனால்தான் அது சுலபமாக முங்குகிறது, அதனால்தான் காயவும் வைக்க வேண்டியிருக்கிறது.

கோட்டையிலிருந்து வெளியே வந்ததும் தக்கலையில் ஏதாவது ஒரு சாயாக்கடையில் கட்டன்சாயாவும் ஏத்தம்பழப் பஜ்ஜியும் சாப்பிட்டுவிட்டுப் பேருந்து ஏறுங்கள். ஏறுவதற்கு முன் மகளின் குடையை ஒருமுறை விரித்து உதறிவிடுங்கள். போன ஐப்பசியில் என் குடைக்குள் ஒரு மரத்தவளை நாகர்கோவில் வரை டிக்கெட் இல்லாமல் வந்து சேர்ந்தது. மறுநாள் அதைக் கொண்டுபோய்க் கோட்டையில் விட்டுவிட்டு வர எனக்கு அரை நாள் போனது.